சுக்கான் பிடித்த கையில் ஒரு ரிமோட்

என் வீட்டு மர பீரோவில் சேலைக்கு ஒரே ஒரு தட்டுதான். மற்ற தட்டுகள் எல்லாம் டிவி கேம்களுக்கு. நகையை எங்கே வைத்திருக்கிறாள் என்று பார்க்கும் ஆசையில் எட்டிப் பார்த்த உறவுக்காரப் பெண்கள் பலர், வயர் சுற்றிய ரிமோட்டுகளையும் மஞ்சள் கேசட்டுகளையும் பார்த்துவிட்டு முகம் சுருங்கித் திரும்பியிருக்கிறார்கள். ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்: "மக படிக்க வெளியூரு போயிருச்சு. இதெல்லாம் இன்னும் யாருக்கு?" எனக்குத்தான் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பது தாண்டிய பெண்பிள்ளைக்கு டிவி கேம் எதற்கு என்பது அந்தப் பார்வையின் பொருள். சீட்டுப் பிடிக்கலாம், சீரியல் பார்க்கலாம், அடுத்த வீட்டு வம்பு பேசலாம். அதற்கெல்லாம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. இதற்கு மட்டும் கேட்பார்கள்.

நான் பிறந்தது கடலாடிப் பக்கம், மிளகாய் போடுகிற வானம் பார்த்த பூமி. ஒரு வருஷம் விளைச்சல் நன்றாக வந்து, அய்யா ராமநாதபுரம் போய் அண்ணனுக்கு ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். அண்ணனுக்குத்தான் வாங்கினார், எனக்கில்லை. அதில் இரண்டு ரிமோட். முதல் ரிமோட்டில் எல்லாப் பட்டனும் இருக்கும். இரண்டாவதில் ஸ்டார்ட் பட்டன் கிடையாது. அண்ணன் மனசு வைத்து ஆட்டத்தைத் தொடங்கினால்தான் நான் ஆடமுடியும். நான் கெஞ்சுவேன், தண்ணீர் மொண்டு கொடுப்பேன், அவன் வீட்டுப்பாடத்தைக்கூட எழுதிக் கொடுப்பேன். ஆட்டம் தொடங்கியதும் அவனைத் தோற்கடித்துவிடுவேன். உடனே அவன் பொத்தென்று சுவிட்சை அணைப்பான். பிறகு மறுபடி கெஞ்சல். இப்படித்தான் எனக்கு விளையாட்டும் கோபமும் சேர்ந்து பழகின.

கொஞ்ச நாளில் அந்தப் பெட்டி பழுதானது. அண்ணன் அதைத் தூக்கிப் பரணில் போட்டான். நான் இறக்கித் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு வயர் விட்டிருந்தது, அவ்வளவுதான். இந்த உலகத்தில் விட்டுப்போன வயரைத் திரும்ப ஒட்டவைக்க முடியும் என்பதை அன்றைக்குக் கண்டுகொண்டேன். படித்து முடித்து, ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் என் வீட்டுக்காரர் வந்தார், கையில் உப்புத்தண்ணி குடித்த போனோடு.

பாம்பன்காரர், நாட்டுப்படகு வைத்திருந்தார். முதல் முறை போனைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் மறுபடி தண்ணீரில் விழுந்த போன். அதற்கடுத்த மாதமும். "மீன் பிடிக்கப் போறீங்களா, போனைக் குளிப்பாட்டப் போறீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகுதான் தெரிந்தது, கடைசி இரண்டு தடவையும் வேண்டுமென்றே வாளியில் முக்கி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? கட்டிக்கொண்டேன். என் வீட்டில் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார்கள். அய்யா மட்டும் மாதா கோயிலுக்குக் கடைசி நேரத்தில் வந்து, பின் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பாம்பனில் வீட்டின் முன் அறையையே சர்வீஸ் கடையாக்கினேன். பழைய டிவி கேம்கள் அங்கேதான் என்னைத் தேடி வர ஆரம்பித்தன. போன் ரிப்பேருக்கு வருகிறவர்கள், "மச்சுல ஒண்ணு கெடக்குக்கா, வேணுமா?" என்று கொண்டுவந்து தருவார்கள். பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். எங்கள் ஊர்க் காற்று எதையும் சும்மா விடாது. கேசட்டின் செம்புப் பற்களில் பச்சையாகப் பூத்திருக்கும். அழிரப்பர் வைத்துத் தேய்த்தால் மெல்ல மெல்லப் பளபளப்பு வரும். ஊதிப் போட்டால் ஓடும் என்று சின்ன வயதில் எல்லோரும் செய்தோமே, அது தப்பு. வாய் ஈரம்தான் இன்னும் துருவைக் கூட்டும். தெரிந்தும் இன்றைக்கும் ஒரு தடவை ஊதிவிட்டுத்தான் போடுவேன். ஊதாமல் போட்டால் ஆட மனசே வருவதில்லை.

ரிமோட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று சதுரமாக இருக்கும், ஓரம் உள்ளங்கையைக் குத்தும். ஒன்று வழுவழுவென்று கைக்குள் அடங்கும், ஆனால் பட்டன் கல்லாக இருக்கும். என்னிடம் இருக்கும் சாம்பல் நிறம் ஒன்றில் திசை பட்டனின் இடப்பக்கம் சற்றே அமுங்கியிருக்கும். யாரோ ஒரு பிள்ளை ஏதோ ஒரு வீட்டில் வருஷக்கணக்காக இடப்பக்கமே ஓடியிருக்கிறது. பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரில் கரி தேய்ந்துபோனால் அமுக்குவது பதியாது. அப்போது பென்சில் முனையால் அந்த இடத்தில் கறுப்புத் தீட்டினால் போதும், உயிர் வந்துவிடும். இதைச் செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும், சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொன்று எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. இந்தப் பெட்டிகளுக்கு இன்னமும் புது விளையாட்டுகள் வருகின்றன. கம்பெனி செய்வதில்லை. செய்த கம்பெனிகளே மறந்துபோன பெட்டிகள் இவை. எங்கோ ஒரு நாட்டில் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் யாரோ ஒருவர், அந்தப் பழைய பெட்டியின் சின்ன மூளைக்குள் எவ்வளவு அடங்கும் என்று அளந்து அளந்து ஒரு புது விளையாட்டை எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்துவிடுகிறார். மெமரி கார்டு சொருகுகிற கேசட் ஒன்று கிடைக்கிறது. அதில் ஏற்றி, என் சின்ன வயதுப் பெட்டியில் போட்டால் ஓடும். முதல் தடவை அப்படி ஒன்று திரையில் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், ஒரு பழைய பெட்டிக்காக ஒருவர் உட்கார்ந்து இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் இதில் எதையும் கண்டுகொண்டதில்லை. அவருக்குக் கடல் போதும். விசைப்படகு போகாத நாட்களில் நாட்டுப்படகு போகும் என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. மத்தியானம் கிளம்பினால் மறுநாள் விடியத் திரும்புவார். வீட்டில் இருக்கும் நாளில் வலையைப் பிரித்துப்போட்டுக்கொண்டு, "என்ன புள்ள, இன்னைக்கு எத்தன பேரச் சுட்ட?" என்று கேலி செய்வார். அவ்வளவுதான் எங்களுக்குள் டிவி கேம் பேச்சு.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார், மாதா புண்ணியம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: வலை இழுக்கக் கூடாது, கடலுக்குப் போகவே கூடாது, நடுக்கடலில் ஏதாவது ஒன்று என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் தலையாட்டினேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகை அவர் தம்பி, என் கொழுந்தன், எடுத்து ஓட்ட ஆரம்பித்தான். இவர் விடியற்காலையில் கரைக்குப் போய், வந்த மீனைப் பார்த்துவிட்டு, யாரோடும் அதிகம் பேசாமல் திரும்பிவருவார். படகு கிளம்பும் மத்தியானம் மட்டும் வீட்டை விட்டு நகரவே மாட்டார். இன்ஜின் சத்தம் கேட்கும் நேரத்தில் போய்ப் படுத்துக்கொள்வார். சோற்றைப் பிசைவார், சாப்பிட மாட்டார். எப்போதும் வாயில் ஒரு கேலியோடு திரிந்த மனிதர் வாயைத் தைத்துப் போட்டதுபோல் ஆகிவிட்டார்.

ஒரு நாள் கொழுந்தன் என் கடைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மதினி, அண்ணன் நாளைக்கு நானும் வாரேன்னு சொல்லுது. சும்மா சுக்கான மட்டும் பிடிச்சுக்கிறேன், வல இழுக்க மாட்டேன்னு சொல்லுது. நான் என்ன சொல்லட்டும்?"

"நீ ஏத்திட்டுப் போனா என் மூஞ்சில முழிக்காத" என்றேன்.

அன்றைக்கு அவன் ஏற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எத்தனை நாளைக்குத் தம்பி அண்ணனைத் தடுப்பான்? படகு அவருடையது. அவர் கால் எடுத்து வைத்துவிட்டால் இறக்குகிற தைரியம் கரையில் யாருக்கும் கிடையாது. அதிலிருந்து மத்தியானம் ஆனாலே, போன் ரிப்பேர் செய்துகொண்டிருக்கும்போதே எழுந்து வந்து அவர் செருப்பு வாசலில் கிடக்கிறதா என்று பார்ப்பேன்.

சும்மா உட்கார்ந்திருப்பதால்தான் கடல் இழுக்கிறது என்று எனக்குப் பட்டது. கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது ரிமோட்தான். முதலில் ஒரு பழைய விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு குட்டி மனிதன் ஓடிக் குதித்துப் பள்ளம் தாண்டுவான். இவர் கொஞ்ச நேரம் ஆடினார்.

"ஓடுறான், குதிக்கிறான், விழுந்து சாகுறான். மறுபடி ஓடுறான். இவனுக்கு வேற சோலி இல்லையா?"

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். துப்பாக்கி விளையாட்டு போட்டேன். "எனக்கு யாரு மேலயும் பக இல்ல" என்றார். கார் விளையாட்டு போட்டேன். கொட்டாவி விட்டார். எனக்குக் கோபம் வந்தது. என் உசுரைப் போல வைத்திருந்த கேசட்டுகளை இப்படி ஒரு மனிதர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டால் யாருக்குத்தான் வராது?

பிறகுதான் அந்தப் படகு விளையாட்டு கண்ணில் பட்டது. புதிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். மேலிருந்து பார்க்கிற மாதிரி நீலக் கடல், அதில் ஒரு சின்னப் படகு. பாறைகளுக்கு நடுவே போய், மீன் புரளும் இடத்தில் வலை போட்டு, இருட்டுவதற்குள் கரை திரும்ப வேண்டும். இடப்பக்கம் அமுக்கினால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் அமுக்கினால் வலப்பக்கம். கொஞ்சம்தான் பட்டன், கொஞ்சம்தான் வண்ணம். ஆனால் தண்ணீர் அசைவதை மட்டும் அழகாகச் செய்திருந்தார்கள்.

போட்டதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது யாரு செஞ்சது?"

"தெரியலங்க. எங்கயோ இருக்குற ஆளு."

"கடல்ல கால வச்சிருக்க மாட்டான். காத்து ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம்னு இழுக்கணும்ல. இது என்ன, கொளத்துல ஓடுற மாதிரி ஓடுது."

குறை சொல்லிக்கொண்டே ரிமோட்டை வாங்கினார். படகு கிளம்பியது. முதல் பாறையிலேயே போய் மோதி உடைந்தது. மறுபடி கிளம்பியது, மறுபடி மோதியது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாம்பன் ஜலசந்தியில் பாறை பாறையாக ஒதுக்கிப் படகு ஓட்டிய மனிதரை என் டிவிக்குள் இருக்கும் ஒரு பாறை கவிழ்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ரிமோட்டை வாங்கி, மீன் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து காட்டினேன். அது நான் செய்திருக்கக் கூடாத காரியம். "நீயே போ கடலுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

ஆனாலும் மறுநாள் மத்தியானம் அவரே வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். தினமும் மோதல். படகு திரையில் கீழ்நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும், புதிதாக ஆடுகிற எல்லோருக்கும் அது நடக்கும். அதுதான் என்று நினைத்தேன். இல்லை, நேராக மேலே போகும்போதும் மோதினார். ஆபரேஷனுக்குப் பிறகு மூளையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட ஒரு கணம் பயந்துபோனேன்.

ஒரு நாள் கொழுந்தன் வந்திருந்தான். அவன் போனில் எந்நேரமும் எதையாவது சுட்டுக்கொண்டே இருக்கிற ஆள், இந்த மாதிரி விஷயத்தில் கில்லாடி. "தள்ளுண்ணே, நான் காட்டுறேன்" என்று ரிமோட்டை வாங்கினான். அவனும் போய் அதே பாறையில் மோதினான். அண்ணன் மோதிய அதே பக்கம். மறுபடி மோதினான். நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தேன். பாறை வலப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அவன் கட்டைவிரல் வலப்பக்கத்தை அமுக்கியது.

"ஏங்க, படகு இடப்பக்கம் போகணும்னா நீங்க சுக்கான எந்தப் பக்கம் தள்ளுவீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"வலப்பக்கம்" என்றார். "இது என்ன கேள்வி? கைப்பிடிய இந்தப் பக்கம் தள்ளுனா மூக்கு அந்தப் பக்கம் போகும். இதுகூடத் தெரியாமயா பாம்பன்ல வாக்கப்பட்ட?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ரிமோட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கொழுந்தன் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். இரண்டு பேருக்கும் கை வாழ்நாள் முழுக்கச் சுக்கானில் இருந்திருக்கிறது. கண் பாறையைப் பார்த்ததும் கை தானாகப் பாறை இருக்கும் பக்கமே தள்ளுகிறது. பிசகு கையில் இல்லை, பட்டனில்தான். இவரும் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நெஞ்சுத் தழும்பில் கையை அழுத்திக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.

அன்றைக்கே ஒரு ரிமோட்டைத் திறந்தேன். உள்ளே பச்சைத் தகட்டில் இடப்பக்கத்துக்கு ஒரு கோடு, வலப்பக்கத்துக்கு ஒரு கோடு. இரண்டையும் பிளேடால் கீறி அறுத்து, முடி அளவு ஜம்பர் வயரை வைத்துக் குறுக்கே மாற்றிப் பற்றவைத்தேன். செல்போன் தகட்டில் செய்கிற வேலைக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. இனி அந்த ரிமோட்டில் இடம் அமுக்கினால் படகு வலம் போகும். அடையாளத்துக்கு வயரில் சிவப்பு வலைநூலைச் சுற்றிக் கொடுத்தேன்.

பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! படகு பாறைகளுக்கு நடுவே பாம்புபோல வளைந்து வளைந்து போயிற்று. எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எங்கே மூக்கைத் திருப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்றெல்லாம் அவர் கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது. நான் ஒரு நாளும் போகாத மூலைக்கெல்லாம் போய் மீன் கொண்டுவந்தார். முன்பு அவரோடு கடலுக்குப் போன ஆட்கள், படகுக்குப் போகாத நாட்களில் வந்து, என் முன் அறையில் ரிப்பேருக்கு வந்த போன்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, "அங்கன கல்லு, ஒதுங்கு ஒதுங்கு" என்று கத்தினார்கள். வீடு பழையபடி சத்தமாயிற்று. இவர் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். என் பீரோவை என் முன்னாலேயே திறந்து, "வேற படகு ஏதும் வச்சிருக்கியா?" என்று தேடினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரை மறுபடி புதிதாகக் கட்டிக்கொண்டது போல் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து ஆடிக்கொண்டிருந்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"கை மறக்கல, பாத்தியா புள்ள."

"உங்க கை எப்படிங்க மறக்கும்?" என்றேன், பெருமையாக.

"அதான். செவ்வாக்கெழம நான் போறேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தேன். எதை மறக்கட்டும் என்று கொடுத்தேனோ, அதை நானே தினமும் ஊட்டி வளர்த்திருக்கிறேன். அவர் கையை எழுப்பிவிட்டதே நான் பற்றவைத்த வயர்தான்.

சண்டை போட்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், மகளைச் சொன்னேன், அழுதேன். "ஒரே ஒரு தடவ. சுக்கான மட்டும் பிடிச்சுக்கிறேன். நான் செத்த பிணம் மாதிரி வீட்டுக்குள்ள கெடக்கணுமா?" என்றார். அவர் முடிவெடுத்துவிட்டால் எடுத்ததுதான்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் டீசல் விஷயமாகக் கரைக்குப் போனார். நான் கடையைத் திறக்கவில்லை. டிவியைப் போட்டு, சிவப்பு நூல் சுற்றிய ரிமோட்டை எடுத்து, படகு விளையாட்டை ஆட ஆரம்பித்தேன். மோதினேன். மறுபடி மோதினேன். இத்தனை வருஷமாகப் பழகிய என் கட்டைவிரல் ஒவ்வொரு பாறையிலும் தப்பான பக்கமே போனது. என் அண்ணனைக் கதறவைத்த கை இது. பச்சைப்பிள்ளை மாதிரி தடுமாறியது. விடாமல் ஆடினேன்.

இவர் திரும்பிவந்து வாசலில் நின்று பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

"என்ன செய்யிற? உன் ரிமோட்டு அங்கன கெடக்குல்ல?"

"சுக்கான் பழகுறேன்."

"எதுக்கு?"

"நானும் உங்க கூட வாரேன். நடுக்கடல்ல உங்களுக்கு ஒண்ணுன்னா உங்க தம்பி உங்களத் தூக்குவானா, படகத் திருப்புவானா? கரைக்குக் கொண்டுவர ஒரு ஆள் வேணும்ல."

எங்கள் பக்கம் பெண்கள் மீன் பிடிக்கப் படகேறுவதில்லை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கிறுக்கச்சி. நீ படகுல இருந்தா நான் கடலப் பாப்பேனா, உன்னப் பாப்பேனா? எனக்கு உசுரே இருக்காதுடி."

"எனக்கு மட்டும் இருந்துச்சா?" ரிமோட்டைக் கீழே வைத்தேன். "இந்தப் பீரோ நிறைய நான் எதுக்குச் சேத்து வச்சிருக்கேன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? நீங்க கடலுக்குப் போன நாளெல்லாம் எனக்குத் தூக்கம் வராதுங்க. காத்துக் கொஞ்சம் அடிச்சாக்கூட உக்கார முடியாது, நிக்க முடியாது. இதத்தான் வச்சு விடிய விடிய ஆடிக்கிட்டு இருந்தேன். ஆசைப்பட்டும் ஆடுனேன். ஆனா பயத்துலதான் நிறைய ஆடுனேன்."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானேகூட இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டதில்லை. அவர் பீரோவைப் பார்த்தார். கதவு பாதி திறந்திருந்தது. எத்தனை பெட்டிகள், எத்தனை கேசட்டுகள் என்று அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவர்போல வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "ஏலே, நீ கெளம்பு. நான் வரல." அந்தப் பக்கம் என்ன கேட்டானோ, "மதினிக்குச் சுக்கான் பிடிக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு கையை நீட்டி, என்னுடைய சாதா ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

"அது உங்களுக்கு வராதுங்க" என்றேன்.

"பழகிக்கிறேன். கரையில இருக்கணும்னா கரைக்கை பழகணும்ல."

அதே படகு விளையாட்டில் இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தைப் போட்டேன். இரண்டு படகுகள் கிளம்பின. நான் அவர் கையில் ஓட்டினேன், அவர் என் கையில் ஓட்டினார். இரண்டு பேரும் மோதாத பாறை இல்லை. ஒரு தடவை கடலை விட்டுவிட்டு ஒருவர் மேல் ஒருவரே மோதிக்கொண்டோம். "வலப்பக்கம்டி, இல்ல இல்ல, உனக்கு இடப்பக்கம்" என்று அவர் கத்த, நான் சிரிக்க, கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவைகூட எந்தப் படகும் கரை சேரவில்லை.

மத்தியானம் ஆனது. வழக்கமாகப் படுக்கப் போகிற நேரத்தில் அவர் எழுந்து சட்டையை மாட்டினார். எனக்குத் திக்கென்றது. "நீயும் வா" என்றார்.

கரைக்குப் போனோம். படகு தயாராக இருந்தது. கொழுந்தன் சிலுவை போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு, சுக்கானைப் பிடித்தான். இன்ஜின் சத்தம் கிளம்பியது. படகு பாலத்தைத் தாண்டி, சிறுத்து, வெயிலில் ஒரு கறுப்புப் புள்ளியாக ஆகும் வரை இவர் அசையாமல் நின்றார். புள்ளியும் போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமும் இங்கன இருந்து பாத்தா இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்த கரையில், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.